த.பெ. 574, கொழும்பு

"அண்ணாச்சி, சிலோன் எடுக்குமா?"

ரேடியோ வாங்க வருகிறவர்கள் அப்பாவிடம் முதலில் கேட்பது இதைத்தான். விலை, தவணை எல்லாம் அப்புறம். தூத்துக்குடியில் கிரேட் காட்டன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அப்பா கடை வைத்திருந்தார். விற்பனையும் ரிப்பேரும் ஒரே மேசையில். மர்பி, பிலிப்ஸ், புஷ், நேஷனல் எக்கோ என்று அலமாரியில் எந்தப் பெட்டி இருந்தாலும், அதை இறக்கி வைத்து, ஏரியல் கம்பியைச் சொருகி, முள்ளைத் திருகிக் கொழும்பைப் பிடித்துக் காட்டினால்தான் வந்தவர் முகம் தெளியும். உப்பளத்துக் கணக்குப்பிள்ளை, தோணித் தண்டல், மில்லில் ஷிப்டு முடித்து வந்த தொழிலாளி, எல்லாருக்கும் அதே சோதனைதான். திருச்சி நிலையம் தெளிவாகக் கேட்கிறதே என்று திருப்திப்பட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவரை நான் பார்த்ததில்லை.

பக்கத்து நாட்டு நிலையம் ஒன்று நம் வீடுகளுக்குள் சொந்தக்காரரைப் போல வந்து உட்கார்ந்ததற்கு வணிகம்தான் காரணம் என்று சொன்னால் பழைய நேயர்கள் சிலர் மனம் வருந்துவார்கள். இனிய தமிழும் நல்ல பாட்டும் அவர்கள் நினைவில் இருக்கின்றன. சோப்பும் பற்பசையும் அதற்குள் எங்கே வந்தன என்பார்கள். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் விளம்பரத் தொழிலில், கம்பெனிகளுக்காக வானொலி நேரம் வாங்கும் மேசையில் கழிந்தது. அந்த மேசையிலிருந்து பார்த்தால் இலங்கை வானொலியின் வரலாறு எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே விளையாட்டில் எதிரெதிரே உட்கார்ந்த இடம் அது. அந்த உறவை யாரும் தற்செயலாக அடைந்துவிடவில்லை. யோசித்து, உழைத்து, கடிதம் கடிதமாகக் கட்டினார்கள்.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16 அன்று முறையாகத் தொடங்கியது. தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு முன்பே சோதனை ஒலிபரப்பை நடத்தியிருந்தார். போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டு அவர் அதைச் செய்தார் என்பது அந்த நிலையத்தின் கதையில் எப்போதும் சொல்லப்படும் செய்தி. ஆனால் அது தீவுக்குள் கேட்கும் சிறு குரல்தான். கடல் தாண்டும் குரலை இரண்டாம் உலகப்போர் கொடுத்தது. 1944-இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. ஆசியா முழுக்கச் சிதறிக் கிடந்த படைவீரர்களுக்குச் செய்தியும் பாட்டும் போய்ச்சேர 'ரேடியோ சியாக்' என்ற நிலையம் உருவானது. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து படைகள் ஊர் திரும்பிய பின் அந்தக் கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949-இல் ரேடியோ சிலோன் பிறந்தது.

இவ்வளவு பெரிய ஒலிபரப்பி அந்தத் தீவுக்குத் தேவையில்லை. ஆனால் அதன் அலை இந்தியா முழுவதும் எட்டும். அதை ஓட்டுகிற செலவுக்கும் ஒரு வழி வேண்டும். 1950-இல் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டாட் அந்தச் சேவைக்கு உருவம் கொடுத்தார். வானொலி நேரத்தைக் கால் மணி, அரை மணி என்று பகுத்துக் கம்பெனிகளுக்கு விற்பது அவர் ஊரில் நன்றாகத் தெரிந்த தொழில்.

அடுத்து நடந்ததை இந்தியாவே தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடலின் பங்கைக் குறைத்தார். பாட்டு எந்தப் படம் என்று சொல்வதையும் விளம்பரமென்று நிறுத்தினார். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு உரிமத்தைத் திரும்பப் பெற, கொஞ்ச நாளில் இந்திய வானொலியில் திரைப்பாட்டே இல்லாமல் போனது. விளம்பரம் அங்கே முன்பிருந்தே கிடையாது. பாட்டுக்கும் இடமில்லை, விளம்பரத்துக்கும் இடமில்லை. இரண்டும் ஒன்றாகப் படகேறிக் கொழும்புக்குப் போயின.

இதே கதை இங்கிலாந்தில் இருபது ஆண்டு முன்னாலேயே நடந்தது. பிபிசியில் விளம்பரம் செய்ய முடியாத பிரிட்டிஷ் கம்பெனிகள் 1933-இல் தொடங்கிய ரேடியோ லக்சம்பர்க்கில் நேரம் வாங்கின. அங்கே ஓவல்டின் என்ற பானக் கம்பெனி செய்த காரியத்தை நான் விளம்பரத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். 1935-இல் அவர்கள் 'ஓவல்டினீஸ்' என்று குழந்தைகள் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். சேர்ந்தால் ஒரு பேட்ஜ், ஒரு விதிப்புத்தகம், ரகசியச் சங்கேத எழுத்துகள். ஞாயிறு மாலை வானொலியில் சங்கேதச் செய்தி வரும். உறுப்பினராக உள்ள குழந்தைக்குத்தான் அதை அவிழ்க்கத் தெரியும். 1939-க்குள் 50 லட்சம் குழந்தைகள் சேர்ந்தார்கள். பானத்தைக் குடி என்று சொல்வதைவிட, வா, இந்த ரகசியத்தில் நீயும் ஒருவன் என்று சொல்வது எவ்வளவு ஆழமாகப் போய் இறங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கொழும்பில் அந்த வேலையைச் செய்தது ஒரு பற்பசை. 1952 டிசம்பர் 3 அன்று 'பினாக்கா கீத்மாலா' இந்தியில் தொடங்கியது. இன்றைக்கு எல்லாரும் அதை முதல் தரவரிசைப் பாட்டு நிகழ்ச்சியாகத்தான் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அது ஒரு போட்டி. ஏழு பாட்டுகளை முன்பின்னாக மாற்றிப் போடுவார்கள். எந்தப் படம் முதலில் வந்தது, எது அதற்கடுத்தது என்று கால வரிசைப்படி அடுக்கி நேயர்கள் எழுதி அனுப்ப வேண்டும். பரிசு 100 ரூபாய். நாற்பது ஐம்பது கடிதம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 வந்தன. ஓராண்டு முடிவதற்குள் வாரத்துக்கு 60,000-க்கு மேல் போனது. இதையெல்லாம் பார்த்தவர் இருபது வயது இளைஞர் அமீன் சயானி. எழுதுவது, பேசுவது, தயாரிப்பது, வந்த கடிதங்களைச் சரிபார்ப்பது என்று எல்லாமே அவர் பொறுப்பு. வாரச் சம்பளம் 25 ரூபாய். பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரி வளாகத்தில் ஒலிப்பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கடிதங்களின் பாரம் தாங்காமல்தான் 1954-இல் போட்டியை விட்டுத் தரவரிசைக்கு மாறினார்கள். அப்போதும் நேயர்களை வெளியே நிறுத்தவில்லை. ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்கள் அனுப்பும் வாக்கும் இசைத்தட்டு விற்பனையும் சேர்ந்து பாட்டின் இடத்தைத் தீர்மானித்தன.

அந்தப் பற்பசைப் பெட்டிக்குள் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் விலங்குகள் வரும். எங்கள் தெருவில் ஒட்டகச்சிவிங்கிக்கு மதிப்பு அதிகம். இரண்டு சிங்கம் கொடுத்தால் ஒரு ஒட்டகச்சிவிங்கி. இந்திப் பாட்டு ஒரு வரி தெரியாத பிள்ளைகளுக்கும் அந்தக் கம்பெனியின் பெயர் தெரிந்தது இப்படித்தான்.

தமிழுக்கு வருகிறேன். வர்த்தக சேவையின் தமிழ்ப் பிரிவுக்குத் தொடக்கத்திலேயே ஒரு குரல் அமைந்தது: எஸ். பி. மயில்வாகனன். அப்பா தலைமுறைக்கு அந்தப் பெயர் மனப்பாடம். நான் கேட்டு வளர்ந்தது அதற்கடுத்த வரிசை. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். 1967-இல் அந்த நிலையம் கூட்டுத்தாபனமாகி, 1972-இல் நாட்டின் பெயர் மாறியதும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. எங்கள் வாயில் கடைசிவரை சிலோன்தான்.

காலையில் பொங்கும் பூம்புனல், அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து. இந்த வாழ்த்து நிகழ்ச்சியின் வணிக மதிப்பை அந்தக் காலத்து விளம்பரக்காரர்கள் எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்து வியந்திருக்கிறேன். பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையின் பெயர், பிறகு அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பம்மா, மாமா, மாமி, சின்னம்மா, அண்ணா, தங்கை என்று வரிசையாகப் பெயர்கள். கேட்கிற நமக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. ஆனாலும் கேட்போம். ஏனென்றால் நாளை அந்த இடத்தில் நம் வீட்டுப் பெயர் வரலாம். ஒரு குடும்பத்தின் பெயர்களை உரக்கச் சொன்ன வாய் அடுத்த நிமிடம் ஒரு மாவின் பெயரையோ சோப்பின் பெயரையோ சொல்லும்போது, அந்தப் பொருளும் அறிமுகமான ஆளின் மரியாதையைப் பெறுகிறது.

அம்மாவுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் அந்த நிலையத்தால் வந்தது. 'நீங்கள் கேட்டவை'க்கு எழுதுவாள். கொழும்புக்கு அனுப்பத் தபால்தலை அதிகம் ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் தோணிகளில் ஒன்றின் தண்டல் அப்பாவின் வாடிக்கைக்காரர். டிரான்சிஸ்டர் ரிப்பேருக்கு வரும்போதெல்லாம் அம்மா ஒரு கவரை நீட்டுவாள். "தண்டலண்ணே, அந்தப் பக்கம் போயித் தபால்ல போட்டிருங்க." விலாசம் எனக்கு இன்றும் மறக்கவில்லை: தபால் பெட்டி 574, கொழும்பு. காற்று சாதகமாக இருந்தால் கடிதம் சீக்கிரம் போகும். இல்லையென்றால் தோணி கரையிலேயே கிடக்கும்.

ஒரு நாள் மதியம் சாயர்புரம், ஏரல், குலசேகரன்பட்டினம் என்று ஊர்ப்பெயர்கள் போய்க்கொண்டிருக்க, தூத்துக்குடி என்று வந்தது, அதற்கடுத்து அம்மாவின் பெயர். அம்மா அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தாள். "நம்ம பேரச் சொல்லிட்டாம்லா!" என்று அக்கம்பக்கத்து வாசலுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினாள். கடையில் அப்பா சால்ட்ரிங் அயனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அந்த நிகழ்ச்சியின் இடையே வந்த விளம்பரத்துக்குரிய தைலம்தான் அதற்கப்புறம் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அம்மாவிடம் யாரும் அதை வாங்கச் சொல்லவில்லை.

கே. எஸ். ராஜாவின் வேலை வேறு வகை. இலங்கைத் திரையரங்குகளில் ஓடும் தமிழ்ப் படங்களுக்கு அவர் செய்த விளம்பர நிகழ்ச்சிகள் தனிக் கலை. படத்தின் வசனத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் தன் குரலைச் செருகி, கதாபாத்திரத்திடம் அவரே கேள்வி கேட்பார். பதில் படத்தின் வசனத்திலிருந்து வரும். நாடா வெட்டி ஒட்டிய காலத்தில் செய்த வேலை அது. கதை முடிச்சு இறுகும் இடத்தில் நிறுத்திவிடுவார். கேட்டவன் மீதியைத் தன் மனத்தில் ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. படத்துக்குப் போகும்போது தான் யூகித்தது சரியா என்று பார்க்கத்தான் போகிறான். மின்னல் வேகத்தில் பேசுகிறார் என்று அவரைப் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததுதான் பெரிது.

நாடகங்களிலும் இதே பண்பு. மக்கள் வங்கி 1961-இல் இலங்கை அரசு தொடங்கிய வங்கி. அதன் விளம்பர நிகழ்ச்சியாக சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடர் ஒலிபரப்பானது. யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதை. அந்த வங்கிக்கு எங்கள் ஊரில் கிளை கிடையாது. எங்களால் அதில் ஒரு ரூபாய் போட முடியாது. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் கஷ்டத்துக்கு அம்மா தன் அண்ணன் வீட்டுக் கஷ்டத்தைப் போலவே பெருமூச்சு விட்டாள். சேமிப்பின் அவசியத்தை ஒரு வங்கி சொல்ல எத்தனையோ வழி உண்டு. அவர்கள் தேர்ந்தெடுத்தது, நேயர்களை ஒரு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, அந்த வீட்டின் கவலையைத் தம் கவலையாக உணரவைப்பது. இன்று இதற்கெல்லாம் தனித் துறையும் பெரிய சம்பளமும் இருக்கின்றன. அன்று ஒரு கவிஞரும் சில நடிகர்களும் ஒரு மைக்கும் போதுமாயிருந்தன.

நகைச்சுவையில் 'கோமாளிகள்' குழு இருந்தது. எஸ். ராமதாசின் மரைக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார், ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், உபாலி செல்வசேகரன் சிங்கள வாடை வீசும் தமிழ், அப்துல் ஹமீது ஐயர் தமிழ். தீவின் பேச்சுகள் எல்லாம் ஒரே அறைக்குள் வந்து சிரித்தன. அது 1976-இல் திரைப்படமும் ஆயிற்று. அந்தத் தீவுக்கு அதன் பிறகு நேர்ந்ததை நினைக்கும்போது அந்தச் சிரிப்பின் அருமை இன்னும் கூடுகிறது.

'பாட்டுக்குப் பாட்டு' இந்த வரிசையின் உச்சம். அப்துல் ஹமீது நடத்தியது. ஓர் எழுத்தைக் கொடுப்பார். மணி அடிப்பதற்குள் அந்த எழுத்தில் தொடங்கும் திரைப்பாட்டைப் பாட வேண்டும். அந்தாதி பாடிய மரபில் வந்தவர்களுக்கு, ஒன்றின் முடிவில் அடுத்ததைத் தொடங்கும் சுகம் புதிதில்லை. ஆனால் வானொலியில் அது வந்தபோது நடந்த அற்புதம் வேறு. பங்கேற்பவர் கொழும்பில் சிலர்தான். விளையாடுவதோ கேட்கிற எல்லாரும். எங்கள் கடை வாசலில் சலூன்காரர், டீக்கடைப் பையன், பேட்டரி வாங்க வந்தவர், எல்லாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பார்கள். பாட்டு கிடைக்காமல் போட்டியாளர் திணறினால் அப்பா ரேடியோவைப் பார்த்து அதட்டுவார். தப்பான வார்த்தையோடு பாடினால் ஹமீது மென்மையாக நிறுத்தித் திருத்துவார். அதட்ட மாட்டார், விட்டுக்கொடுக்கவும் மாட்டார். அவருடைய தமிழ் உச்சரிப்பைப் பாராட்டாதவர் இல்லை. விளம்பரத் தொழிலில் இருந்தவளாக நான் அதிகம் மதிப்பது அவருடைய நடுநிலையை. விதி எல்லாருக்கும் ஒன்று என்று கேட்கிறவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அதனால்தான் அவன் அந்த விளையாட்டுக்குத் தன் மாலை நேரத்தைக் கொடுத்தான்.

இப்படிக் கூப்பிட்டுச் சேர்க்காமல், வெறும் இலவசம் கொடுத்து ஆளைப் பிடிப்பதும் எங்கள் ஊருக்கு மிகப் பழைய கதை. பாம்பன் பாலம் 1914-இல் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். அந்தத் தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்து வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் ஆக்கியது. பிறகு வெள்ளைக்காரர்கள் பயணமே இலவசம், கூடவே ஆளுக்கு ஒரு குடை என்று அறிவித்தார்கள். காசு பலத்தால் சுதேசிக் கம்பெனியை நொறுக்க அது உதவியது. ஆனால் தூத்துக்குடியில் இன்று பெயர் நிற்பது யாருக்கு? துறைமுகமே வ.உ.சி. துறைமுகம்தான். குடை கொடுத்தவன் வாங்கியவனிடம் எதையும் கேட்கவில்லை. அவனை எதிலும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. வ.உ.சி. பங்குதாரராக வா என்று கூப்பிட்டார். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பொருளை எறிவதும், அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துத் தன்னோடு உட்காரவைப்பதும் இரண்டு வெவ்வேறு தொழில்கள் என்று நான் கருதுகிறேன்.

நான் மதுரையில் வேலைக்குச் சேர்ந்தபோது விவித் பாரதியில் விளம்பரம் வேரூன்றிவிட்டது. கேஸ்கரின் தடைக்கு விடையாக 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி வந்தது. அதில் விளம்பரத்தை அனுமதிக்க இன்னும் பத்தாண்டு எடுத்துக்கொண்டார்கள். 1967 நவம்பரில் பம்பாய், புணே, நாக்பூரில் தொடங்கிப் பிறகு மற்ற நகரங்களுக்கும் வந்தது. அமீன் சயானியின் அண்ணன் ஹமீது சயானி 1972-இல் வானொலியில் தொடங்கிய 'போர்ன்விட்டா வினாடி வினா'வைப் பள்ளிப் பிள்ளைகள் வாரந்தோறும் காத்திருந்து கேட்டார்கள். அண்ணன் 1975-இல் மறைந்த பின் தம்பி அதை நடத்தினார். 1992-இல் அது தொலைக்காட்சிக்கும் போனது.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த கம்பெனிகளோ அவசரத்தில் இருந்தன. கால் மணி நேரத்தில் எங்கள் பெயர் எத்தனை முறை வரும் என்பதே அவர்கள் கேள்வி. ஒரு காபித்தூள் கம்பெனிக்காக வானொலியில் போட்டி வைத்தோம். விடுகதை ஒன்று, விடை எழுதி அனுப்பினால் குலுக்கலில் பரிசு. மூட்டை மூட்டையாகக் கார்டுகள் வந்தன. தேவகோட்டையிலிருந்து ஒரு பாட்டி பேரனை எழுதச் சொல்லி, கீழே தன் கைநாட்டை வைத்து அனுப்பியிருந்தார். கம்பெனியின் மேலாளர் கார்டுகளைப் பிரிக்கவே இல்லை. தம்முடைய விநியோகஸ்தர்களின் பிள்ளைகளில் மூன்று பெயரை எழுதிக் கொடுத்து, இதைப் படித்துவிடுங்கள் என்றார். நான் எவ்வளவோ வாதாடினேன். கடைசியில் அந்தப் பெயர்கள்தான் வானொலியில் போயின. அடுத்த மாதப் போட்டிக்கு வந்த கார்டுகள் ஒரு கைக்குள் அடங்கின. யாரும் புகார் எழுதவில்லை. சொந்த ஊரில் யாருக்குப் பரிசு வந்தது என்று மக்களுக்குத் தெரியும். வாய்வழியாக அது போய்ச் சேர்ந்துவிட்டது. 25 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களைச் சரிபார்த்த அந்த இளைஞரை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்தத் தொழிலில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் உள்ள தூரம்.

இன்று கம்பெனிகள் மால்களில் கூடாரம் போட்டு, கண்ணில் கருவியை மாட்டி, மலையேற வைக்கின்றன, பந்து வீச வைக்கின்றன. செலவைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் விளையாடி முடித்து வெளியே வருகிற பிள்ளையின் பெயர் அங்கே யாருக்கும் தெரிவதில்லை. போன் நம்பர் மட்டும் தெரிகிறது. விளையாட்டை நடத்துகிறவர் வீட்டுக்காரரின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார் என்பது என் எண்ணம். வந்தவரை முகம் பார்க்க வேண்டும், விதியைக் காக்க வேண்டும், எழுதியவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கருவி எவ்வளவு புதியதானாலும் இந்த மூன்றும் இல்லையென்றால் அது குடை விநியோகம்தான்.

கொழும்பின் தமிழ்க் குரல் ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் அந்தத் தீவில் தமிழரின் வாழ்க்கை சிதறியது. நிகழ்ச்சி நடத்தியவர்களும் கேட்டவர்களும் கடல் கடந்து போனார்கள். கே. எஸ். ராஜா 1989-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். எங்கள் கடையில் அந்தச் செய்தி வந்த அன்று அப்பா கதவை அரைவாசி இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். தொலைக்காட்சி வந்ததும், சந்துக்குச் சந்து டேப் ரிக்கார்டர் வந்ததும் மீதியைச் செய்தன. கீத்மாலாவும் 1989-இல் விவித் பாரதிக்கு மாறிவிட்டது.

விளையாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. 1993-இல் ஜீ தொலைக்காட்சியில் அந்தாக்ஷரி வந்தபோது அதற்கு முன்னால் க்ளோஸ்-அப் என்று மீண்டும் ஒரு பற்பசையின் பெயர் இருந்தது. தமிழில் சன் தொலைக்காட்சியில் அப்துல் ஹமீதே வந்து நின்றார். ஒரு நகைக்கடையின் பெயரோடு 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு'. நகையைப் பற்றி அதில் பேச்சே அதிகம் இருக்காது. ஆனால் அந்தத் தலைப்பை நகைக்கடைப் பெயர் இல்லாமல் சொல்ல இன்றைக்கும் பலருக்கு வராது. ஊர் ஊராக மேடை போட்டு, சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிற தமிழர்கள்வரை அந்த நிகழ்ச்சி போனது. கொழும்பு ஒலிப்பதிவு அறையில் உருவான விதிகள் அப்படியே இருந்தன.

அந்த வானொலி நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி இன்று கேட்கக் கிடைப்பதில்லை. நாடா விலை அதிகம் என்று அந்தக் காலத்து நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்றை அழித்துப் பதிவு செய்தன. மிஞ்சியிருப்பது நேயர்கள் வீட்டில் வைத்துப் பதிவு செய்த கேசட்டுகள். அப்பா கடையில் அப்படிப் பதிவு செய்து கொடுத்தவை எங்கெங்கோ இருக்கும். பாட்டுக்காகப் பதிவு செய்ததில் பாட்டு எங்கும் கிடைக்கும். நடுவே வந்த அறிவிப்பாளரின் குரல், வாசித்த பெயர்கள், விளம்பரம், அவைதான் வேறெங்கும் கிடைக்காதவை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. நீங்களாக ஓட்டிப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துபோகும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் நிறுவனத்தையோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ கேட்டுப் பாருங்கள். நேயர்கள் கொழும்புக்கு எழுதிய கடிதத்தின் நகலோ, அங்கிருந்து வந்த பதில் அட்டையோ இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.